புல்வெட்டும் மெஷின் வாங்கப் போனோம்



மௌலவி ஒருவர் எழுதுகிறார் என்றால் தொழுகை, நோன்பு, பிள்ளை வளர்ப்பு என்று ஏதாவது இருக்கும் என்றுதான் நினைப்பீர்கள். இந்த மாதம் நான் எழுத வந்திருப்பது புல் வெட்டும் மெஷினைப் பற்றி. சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஒரு மெஷின் வாங்கப் போய் என் வீட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது துணுக்காயில். முல்லைத்தீவு மாவட்டம். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி வெள்ளாங்குளம் போகும் வீதியில் வந்தால் எங்கள் ஊர். வயலும் குளமும் காடுமான வன்னி. இங்கே வீடு என்றால் வீடு மட்டும் அல்ல, அதைச் சுற்றிய வளவும் சேர்ந்ததுதான் வீடு. எங்கள் வளவு ஒரு ஏக்கர். வாப்பா இங்கே சாமான் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிய காணி.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. சுமார் 75,000 பேர் ஊரைவிட்டுப் போனோம். எங்கள் குடும்பம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் ஒதுங்கியது. நான் அரபுக் கல்லூரியில் ஓதியதும், திருமணம் முடித்ததும் அந்தப் பக்கத்தில்தான். 2009 மே மாதம் போர் முடிந்து, 2012இல் நாங்கள் திரும்பி வந்து பார்த்தபோது வளவு இருந்த இடத்தில் காடு நின்றது. கிணற்றைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. பக்கத்து வளவு அக்கா வந்து, "தம்பி, உங்கட கிணறு அந்தப் பாலை மரத்துக்கு நேர" என்று கைகாட்டியிராவிட்டால் இன்னும் நேரமாகியிருக்கும்.

காடு வெட்டி, வீடு கட்டி, குடியிருக்கத் தொடங்கினோம். அதற்குப் பிறகு வந்ததுதான் புல். ஐப்பசியில் மாரி மழை தொடங்கினால் தை வரை புல் நிற்காது. இன்று வெட்டினால் பத்தாம் நாள் முழங்காலுக்கு நிற்கும். அறுகு, கோரை, நாயுருவி, தொட்டாற்சிணுங்கி, இவற்றோடு பார்த்தீனியம். அந்தக் கடைசிச் செடி இந்திய அமைதிப் படை இருந்த காலத்தில் வந்தது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அதன் பூந்தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்துச் சொறியும், சிலருக்கு மூச்சு இழுக்கும்.

வளவில் புல் வளர்ந்தால் என்ன என்று நகரத்துச் சகோதரிகள் கேட்கலாம். எங்களுக்கு அது அழகுப் பிரச்சினை அல்ல. புல்லுக்குள் பாம்பு. இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கு சொல்கிறது. கண்ணாடிப் புடையன் சருகோடு சருகாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு. எங்கள் வன்னியில் இன்னும் ஒன்று உண்டு. மண்ணுக்குள் போர் விட்டுப் போன இரும்பு.

இத்தனைக்கும் எதிராக எங்கள் வீட்டில் இருந்த ஆயுதங்கள் இரண்டு. ஒரு மண்வெட்டி, ஒரு விளக்குமாறு. இரண்டையும் பிடித்த கை ஒன்று. என் மனைவியின் கை. சுபஹுத் தொழுதுவிட்டு அவள் வளவு கூட்டத் தொடங்குவாள். கிழமையில் இரண்டு நாள் மண்வெட்டியால் புல்லுச் செருக்குவாள். குனிந்தபடி, அடி அடியாக. நான் பாடசாலைக்குப் புறப்படுவேன். மாணவர்களுக்குச் சுத்தம் ஈமானோடு சேர்ந்தது என்று சொல்லிக் கொடுப்பேன். திரும்பி வரும்போது வளவு சுத்தமாக இருக்கும். அது எப்படிச் சுத்தமானது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

2019ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் விறாந்தையில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணி பக்கத்தில் இருந்தது. மண்வெட்டிச் சத்தம் திடீரென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, சத்தம் போடாமல், மெதுவாகக் கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க. பிள்ளைகள வெளிய விடாதீங்க. மண்வெட்டியில இரும்பு தட்டுது."

எட்டிப் பார்த்தேன். அவள் மண்வெட்டியைத் தூக்கவும் இல்லை, போடவும் இல்லை. அப்படியே நின்றாள். காலடியில் மண்ணுக்குள் இருந்து துருப்பிடித்த ஒரு சிறகு போல ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வந்த வழியில் பதிந்திருந்த அவளுடைய காலடிகளிலேயே ஒவ்வொரு அடியாக வைத்துப் பின்னால் வரச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு அடி தூரம். அன்று அந்தத் தூரம் முடியவே இல்லை.

கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவித்தோம். அதற்குரியவர்கள் வந்தார்கள். மோட்டார் எறிகணையின் வால் துண்டு, உள்ளே மருந்து எதுவும் இல்லை என்றார்கள். சுற்றுவட்டாரத்தையும் கருவி வைத்துப் பார்த்து, வேறு எதுவும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் காலை நான் எழும்பியபோது விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. ஓடிப் போய், "இன்னும் ரெண்டு நாளைக்கு விடேன்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "கூட்டாம விட்டா பாம்பு வரும். நீங்களா வந்து கூட்டப் போறீங்க?"

கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆறேழு ஆண்டுகளாக அந்த ஒரு ஏக்கர் மண்ணை அவள்தான் கிளறி வந்திருக்கிறாள். அதில் என்ன இருக்கும் என்ற பயமும் அவளுடையதாகவே இருந்திருக்கிறது. நான் அதில் பங்கெடுக்கவில்லை.

அன்றிரவு மெல்போர்னில் இருக்கும் அவளுடைய தம்பி தொலைபேசியில் பேசினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மச்சான், நான் ஒரு புல்வெட்டி அனுப்புறன். தானே நகரும். பின்னால நடந்தா போதும்" என்றான். அவர்கள் ஊரில் வீட்டுக்கு முன்னும் பின்னும் புல்தரை. கோடை வருவதற்கு முன் உயர்ந்த புல்லை வெட்டாவிட்டால் தீப்பிடிக்கும் என்று மாநகர சபையே நோட்டீஸ் அனுப்புமாம். அதனால் வீட்டுக்கு வீடு மெஷின் உண்டு.

இந்த மெஷினின் கதையை அப்போதுதான் தேடிப் படித்தேன். 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப் பக்கம் எட்வின் பட்டிங் என்பவர் இதற்கு உரிமம் பெற்றார். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரைச் சீராக வெட்டும் உருளைக் கத்தி ஒன்று துணி ஆலைகளில் இருந்தது. துணியை வெட்டுவது புல்லையும் வெட்டாதா என்று யோசித்தார். அதுவரை சீமான்களின் தோட்டங்களில் நீண்ட அரிவாளோடு கூலியாட்கள் வரிசையாக நின்று வெட்டினார்கள். அல்லது ஆடு மேய்ந்தது. இன்றைய மெஷின்களில் பெரும்பாலானவை வேறு விதம். பெட்டிக்கு அடியில் ஒரு கத்தி விசிறி போலச் சுழலும். "தானே நகரும்" என்பதற்கு அர்த்தம், எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு பெல்ட் வழியாகச் சக்கரத்துக்கும் போகிறது என்பதுதான். வழிகாட்ட ஆள் பின்னால் நடக்கத்தான் வேண்டும். தள்ளத் தேவையில்லை.

தள்ளுவதற்கும் தள்ளாமல் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அவளும் நானும் கணக்குப் போட்டோம். வீட்டைச் சுற்றிக் கால் ஏக்கர் வெட்டினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10,890 சதுர அடி. 21 அங்குல அகலம் வெட்டும் மெஷின் என்றால் ஏறக்குறைய 1.9 கிலோமீற்றர் நடக்க வேண்டும். 18 அங்குலம் என்றால் 2.2 கிலோமீற்றர். முப்பது, நாற்பது கிலோ எடையைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம். "உம்மாட முதுகுக்கு இது ஏலாது" என்றாள் மகள். தானே நகர்வது ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். கணக்கைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஆண்கள் மெஷினைக் கண்டால் இப்படித்தான். எத்தனை குதிரைவலு, எத்தனை அங்குலம், முன் சக்கரம் இழுப்பதா, பின் சக்கரம் தள்ளுவதா என்று ஒரு கிழமை அதே பேச்சு. மச்சானுக்கு விவரம் அனுப்பப் போகும் நேரத்தில் என் மனைவி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"யார் வெட்டப் போறது?"

"நீதான். உனக்காகத்தானே வாங்குறது."

"அப்ப என்னட்ட ஒண்டும் கேக்கல்லையே."

சகோதரிகளே, மஷூரா என்பது அல்லாஹ் தன் திருமறையில் முஃமின்களின் பண்பாகப் புகழ்ந்து சொன்ன விஷயம். அதைப் பற்றி நான் எத்தனையோ பயான் செய்திருக்கிறேன். இஸ்திகாராத் தொழுகையைப் பற்றி, சிறிய காரியங்களிலும் அல்லாஹ்விடம் நலம் தேடுவதைப் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில், அந்த மெஷினைப் பிடிக்கப் போகும் கையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. "சரி, சொல்லு. உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டேன்.

அவள் சொன்னது இதுதான்: "எனக்குப் பச்சைக் கம்பளம் தேவையில்ல. குசினியில இருந்து கிணத்தடிக்கு, கிணத்தடியில இருந்து கக்கூசுக்கு, படலைக்கு. ராவையில பிள்ளையள் போற வழி கண்ணுக்குத் தெரியணும். வீட்டச் சுத்தி நாலு பக்கமும் தெளிவா இருக்கணும். மத்தப் பக்கம் அல்லாஹ் வளக்கிறதை வளக்கட்டும். மெஷின் தம்பி அனுப்ப வேணாம். பழுதானா சாமான் எங்க தேடுறது? காசை அனுப்பட்டும். என்ட சீட்டுக் காசும் இருக்கு. வவுனியாவில நானே வந்து பாத்து வாங்குறன்."

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். வீதியில் கிடக்கும் முள்ளும் கல்லும்தான் என் நினைவுக்கு வரும். குசினியிலிருந்து கிணற்றுக்குப் போகும் வழியும் ஒரு பாதைதான் என்பதை அன்று அவள் வாயால் விளங்கிக்கொண்டேன்.

வவுனியா போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. சுழலும் கத்திக்கு முன்னால் கல்லும் இரும்பும் கிடந்தால் தோட்டா போலத் தெறிக்கும். எங்கள் மண்ணில் அதைவிட மோசமானதும் நடக்கலாம். அந்தக் கால் ஏக்கரை மட்டும் எல்லை குறித்து, முன்னர் வந்தவர்கள் கருவி வைத்துப் பார்த்த பகுதிக்குள் அது அடங்குகிறதா என்று கேட்டு உறுதி செய்தோம். பிறகு கல், பழைய கம்பி, மரக்கட்டைகளைப் பொறுக்கினோம். இந்த வேலையை நானும் மகனும் செய்தோம். வன்னியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள். அந்த இடத்தில் புல்லுக்கோ குப்பைக்கோ நெருப்பு வைக்கவும் வேண்டாம். சூட்டில் வெடித்த சம்பவங்கள் உண்டு. வந்த காலடியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. ஆனாலும் மண்ணுக்கு உடன்படிக்கை தெரியாது.

வவுனியாக் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் என் மனைவி கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "இதில எண்ணெய் கலக்கணுமா?" என்று அவள் கேட்டாள். "மௌலவி, இது நாலு ஸ்ட்ரோக். பெற்றோல் தனி, ஒயில் தனி" என்று என்னிடம் சொன்னார். மூன்றாம் தரம் நான் சொன்னேன்: "அண்ணை, வாங்குறது அவ. எனக்கு ஒண்டும் விளங்காது." அதற்குப் பிறகு அவர் "அக்கா" என்று அவளைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

முதலில் காட்டியது தோளில் மாட்டும் புல்வெட்டி. எங்கள் பக்கத்தில் எல்லாரிடமும் இருப்பது அதுதான். காட்டுப் புல்லுக்கும் வேலிக் கரைக்கும் அதுதான் சரி. ஆனால் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக். பெற்றோலோடு ஒயிலை அளந்து கலக்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் அளவு மாறும். 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. கலக்க மறந்தால் எஞ்சின் பிடித்துவிடும். வெட்டும்போது 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் வேண்டும். அவள் அதைத் தோளில் மாட்டிப் பார்த்தாள். ஒரு நிமிடத்தில் கழற்றினாள். "மண்வெட்டி முதுகை உடைக்கும், இது தோளை உடைக்கும்" என்றாள்.

பிறகு தானே நகரும் மெஷின்கள் மூன்று. மூன்றிலும் அவள் செய்தது ஒரே சோதனை. ஸ்டார்ட் பண்ணும் கயிற்றைத் தன் கையால் இழுத்துப் பார்த்தாள். முதலாவது பெரிய எஞ்சின். நான் விரும்பியது. நான்கு தரம் இழுத்தும் அவளால் முடியவில்லை. கடைக்காரர் ஒரே இழுவையில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். "நீங்க எங்கட வளவுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டாள். இரண்டாவது, முன் சக்கரம் இழுப்பது. திருப்ப லேசு. ஆனால் பின்னால் உள்ள பையில் புல் நிறைந்தால் முன்பக்கம் இலேசாகி ஈர மண்ணில் சக்கரம் வழுக்கும் என்று கடைக்காரரே சொன்னார். எங்களுக்குப் புல் வளர்வது மாரியில்தானே. மூன்றாவது, ஒருவர் பாவித்து விற்ற மெஷின். 18 அங்குலம், பின் சக்கரம் தள்ளுவது. இரண்டாம் இழுவையில் அவள் கைக்கு ஸ்டார்ட் ஆனது.

அதன் பிறகு அவள் பார்த்தவை: பிடியில் உள்ள கம்பியை விட்டவுடன் கத்தி நிற்கிறதா? (அமெரிக்காவில் 1982 முதல், கையை விட்டு 3 செக்கனுக்குள் கத்தி நிற்க வேண்டும் என்று சட்டமே உண்டு.) வெட்டும் உயரத்தை மாற்றும் நெம்பைக் குனிந்து ஒரு கையால் மாற்ற முடிகிறதா? பெல்ட், பிளக், கத்தி ஆகிய மூன்றும் வவுனியாவில் கிடைக்குமா? ஒயில் இருக்கிறதா என்று பார்க்கும் குச்சி எங்கே? எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு காசைத் தன் கைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள். நான் கற்ற அரபு இலக்கணத்தில் செயலைச் செய்பவரை ஃபாயில் என்போம். ஃபாயில் யார் என்று தெரியாமல் வாக்கியத்தை விளங்க முடியாது. அந்த இலக்கணம் மெஷினுக்கும் பொருந்தும் என்று திரும்பி வரும் வழியில் அவளிடம் சொன்னேன். "இப்பதான் நல்லா ஓதி இருக்கிறீங்க" என்றாள்.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. அவளுக்காக வாங்கிய மெஷினை அவள் தொடவே முடியவில்லை. மகன் போட்டி போட்டுக்கொண்டு வெட்டினான். அவன் இல்லாதபோது நான் வெட்டினேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் வேலியில் நின்று பார்த்தார்கள். மண்வெட்டியாக இருந்த வரை யாரும் பங்கு கேட்காத வேலைக்கு இப்போது மூன்று பேர். அவள் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டாள். நான் அதை என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நல்ல குணம் இல்லை என்று 2022இல் தெரிந்தது. அந்த ஆண்டு நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் வரிசையில் நின்றால்தான். பிறகு கியூஆர் அட்டையில் பங்கீடு. கிடைத்தது மோட்டார் சைக்கிளுக்கே போதவில்லை. மெஷின் கோழிக்கூட்டுப் பக்கம் மூடிக் கிடந்தது. ஐப்பசியில் மழை தொடங்கிப் புல் எழும்பியது. அப்போதும் மெஷினுக்கு ஊற்ற எங்களிடம் பெற்றோல் இல்லை.

ஒரு காலை விழித்தபோது பழைய சத்தம் கேட்டது. மண்வெட்டிச் சத்தம். அவள் குனிந்து நின்றாள். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தையில் இருந்தேன். மகன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் 2019 போலவே. மகள் வந்து என் முன்னால் நின்றாள்.

"வாப்பா, பெற்றோல் இருந்தாத்தான் அது ஆம்பிளை வேலையா?"

அந்தக் கேள்விக்கு எந்தக் கிதாபைத் திறந்தாலும் எனக்குச் சாதகமாகப் பதில் இல்லை. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அதை நானே மாணவர்களுக்குப் பாடமாக்கியிருக்கிறேன். அந்த வீட்டு வேலைகளில் எதற்கும் எஞ்சின் இருந்ததில்லை.

கோப்பையை வைத்துவிட்டு இறங்கினேன். மண்வெட்டியைக் கேட்டு வாங்கினேன். கால் மணித்தியாலத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் கொப்புளம். அவள் ஏழு ஆண்டுகளாகச் செய்த வேலையின் எடை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மகனையும் கூப்பிட்டேன். அன்று முதல், பெற்றோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வளவுப் புல் என் பொறுப்பும் மகனின் பொறுப்பும். விருப்பம் வந்தால் அவளும் மெஷினை எடுத்து வெட்டுவாள். அது அவளுடைய மெஷின் அல்லவா.

வளவின் பின்பக்கத்தை அவள் சொன்னபடியே விட்டிருக்கிறோம். அந்தப் புல் பக்கத்து வளவு அக்காவின் மாட்டுக்கு. தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழி. அக்கா அரிவாளோடு வந்து அறுத்துப் போவார். மெஷின் வெட்டிய தூள் புல்லை மாட்டுக்குக் குவித்துப் போடக் கூடாது; சீக்கிரம் சூடேறிப் புளித்து வயிற்றைக் கெடுக்கும். அதை மரத்தடியில் பரப்பி விடுவோம். பார்த்தீனியத்தை வெட்டுவதில்லை. பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குவோம். பூத்து விதைத்த பின் மெஷினை ஓட்டினால் நாமே வளவெல்லாம் விதை தூவியது போலாகும். களைநாசினி அடித்தால் லேசு என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில், அதற்கு மனம் வரவில்லை. பரகுவாட் என்ற களைநாசினி இந்த நாட்டில் எத்தனை உயிர்களைக் குடித்த பிறகு தடைசெய்யப்பட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது.

உங்களில் யாராவது இப்படி ஒரு மெஷின் வாங்க நினைத்தால் எங்கள் அனுபவத்தில் இருந்து சில வார்த்தைகள். முதலில் நிலத்தைப் பாருங்கள். கல்லும் வேரும் நிறைந்த இடத்துக்குச் சக்கர மெஷின் சரிவராது. எவ்வளவு இடம் வெட்ட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு அகலத்தைத் தீர்மானியுங்கள். ஈர மண்ணுக்குப் பின் சக்கரம் தள்ளுவது நல்லது. ஒரே தரத்தில் ஒட்ட வெட்டாதீர்கள். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் வேர் காய்ந்து, அந்த இடத்தில் களைதான் முளைக்கும். கத்திப் பக்கம் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெட்டுங்கள். ஊரில் சாமான் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவு என்றாலும், அன்பளிப்பாக வந்தாலும், அது கடைசியில் கோழி அடைகாக்கும் இடமாகத்தான் ஆகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கயிற்றை இழுக்கப் போகும் கை கடையில் இழுத்துப் பார்க்கட்டும். புல்வெட்டிக்கு மட்டும் இல்லை. தண்ணீர் மோட்டருக்கும் தையல் மெஷினுக்கும் இதுதான் சட்டம். "உனக்காக வாங்கினேன்" என்று உங்கள் வீட்டு ஆண்கள் சொன்னால், "என்னைக் கேட்டீங்களா?" என்று நீங்களும் அன்போடு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. என் மனைவி கேட்டிராவிட்டால் நான் இன்னும் விறாந்தையிலேயே இருந்திருப்பேன்.

இப்போது இரவில் மகள் டோர்ச் இல்லாமலே கிணற்றடிக்குப் போய் வுழூச் செய்து வருகிறாள். நிலவு இருந்தால் வழி வெள்ளையாகத் தெரியும். நம் வீட்டுப் பாதைகளில் உள்ள தொல்லைகளை நம் எல்லாரின் கையாலும் அகற்ற அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.